சிவப்புக் குச்சிப் பாத்திகள்

சனிக்கிழமை காலை ஆறரைக்கு என் ஷிப்ட் முடியும். ஏழு மணிக்குப் பேருந்து. ஒன்றே முக்கால் மணி நேரம் போக வேண்டும். இரவு முழுக்க விழித்திருந்தவனுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கலாம். நான் தூங்கியதில்லை. கேன் கொண்டுபோகும் நாளில், மடியில் ஐந்து லிட்டர் கேன் இருக்கிறது, சாய்ந்துவிடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். கேனின் மூடி இறுக்கமானது. சாய்ந்தாலும் சிந்தாது. தூங்கி எழுந்து வீங்கிய முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான்கு வருடம் அந்த முகத்தை மட்டும்தான் அவள் பார்த்தாள்.

அவள் என் மனைவி. அவளுடைய அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது பதினைந்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பதினைந்து மாதம் ஆகியும் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அவள் விதைக் கடையில் பகல் வேலை பார்த்தாள், நான் இரவு வேலை. அவள் எழுந்து போன படுக்கையில் சூடு ஆறுவதற்குள் நான் போய் விழுவேன். சாயங்காலம் அவள் உள்ளே வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். வாசலில் பார்த்துக்கொள்வோம். "கேஸ் தீர்ந்துடுச்சு," என்பாள். "சரி," என்பேன். எங்கள் வீட்டில் நடந்த பேச்சில் பாதி இப்படித்தான்.

நான் வேலை பார்ப்பது உயிர் உரம் தயாரிக்கும் இடத்தில். மண்ணில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத் தொட்டியில் பெருக்கி, கேனில் அடைத்து, விவசாயிகளுக்கு விற்கிறார்கள். அந்த பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறும். காற்றில் சும்மா கிடக்கும் தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும். மூட்டையில் வரும் ரசாயன உரத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம். இதைப் பற்றித்தான் பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இரண்டு முறை செய்து முடித்த சோதனையை மூன்றாவது முறையும் செய்யச் சொன்னார்கள். அடுத்த நாள் முதல் நான் போகவில்லை. இப்போது அதே பாக்டீரியாவுக்குக் காவலாள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கு ஒரு தடவை வெப்பம் பார்த்து எழுத வேண்டும். காற்று சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். நுரை பொங்கினால் அடக்க வேண்டும். தொட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் அண்டா. பாக்டீரியாவுக்குப் பெயர் பசங்க.

"பசங்க எப்படி இருக்காங்க?" என்று காலையில் வேலைக்கு வரும் பாய்லர்காரர் கேட்பார்.

"கோடிக்கணக்குல இருக்காங்க. ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான்."

"உன்கூட ராத்திரி பூரா இருந்தா யாருப்பா பேசுவா?"

எங்கள் மேலாளர் ஆராய்ச்சி நாட்களில் எனக்கு சீனியர். நான் பாதியில் விட்டதை அவர் முடித்தார். அதனால் அவர் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை மேடம் என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"நம்ம லேபிள்ல தானியம் இருக்கு, கீரை இருக்கு. கிழங்கு எதுவும் இல்ல. ஒரு பருவம் வயல்ல சோதனை பண்ணி முடிவு காட்டினாத்தான் பீட்ரூட்னு அச்சடிக்க விடுவாங்க. யாருக்காவது பீட்ரூட் போடுற விவசாயியைத் தெரியுமா?"

நான் கை தூக்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே பீட்ரூட் விவசாயி, பதினைந்து மாதமாக என்னோடு பேசாத என் மாமனார்.

மற்றவர்கள் போன பிறகு மேலாளர் சொன்னார். "இது ஒழுங்கா முடிஞ்சா அடுத்த பருவத்துக்கு வயல் அலுவலர் ஒருத்தர் வேணும். பகல் வேலை. உன்னைப் போடறேன்."

பகல் வேலை என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. பகல் வேலை கிடைத்தால் அவளிடம் போய், வா, இனிமேல் சாயங்காலம் வீட்டில் இருப்பேன் என்று சொல்லலாம். வெறும் கையோடு போய்க் கூப்பிட்டால் வரமாட்டாள் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"வாங்க தம்பி," என்றார் மாமனார், முதல் நாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டு வந்தார். தம்பி என்பது பூச்சி மருந்து விற்க வரும் ஆளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர். கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன இது, கழுநீர் மாதிரி இருக்கு?"

"உயிர் உரம், மாமா. இதுல உயிரோட இருக்கு எல்லாம்."

"எத்தனை பேர்?"

"ஒரு சொட்டுல பல கோடி."

"அப்ப மெல்லக் கீழ வைங்க. ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுக்கப் போறாங்க."

சாமான் போடும் சாய்ப்புக்குப் பின்னால் இருந்த ஒரு துண்டு நிலத்தைக் கைத்தடியால் காட்டினார். அங்கே எதுவும் சரியாக வந்ததில்லை, போய் விளையாடிக்கொள்ளுங்கள் என்றார். அவள் பம்புக்குப் பக்கத்தில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். அவள் போட்டிருந்த ஸ்வெட்டர் என்னுடையது, முழங்கையில் கிழிந்தது. ஆசையாகப் போட்டிருக்கிறாளா, அழுக்கு வேலைக்குப் பழைய துணி போதும் என்று போட்டிருக்கிறாளா என்று பன்னிரண்டு வாரமும் யோசித்தேன்.

"இளைச்சிட்ட," என்றாள்.

"இல்லையே," என்றேன்.

அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. அவள் இளைத்திருக்கிறாளா, இல்லையா என்று பேருந்தில் திரும்பும்போதுதான் யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டு பாத்திகள் போட்டோம். நான்கு பாத்திகளுக்கு வெள்ளைக் குச்சி, அவற்றுக்கு முழு உரம். நான்கு சிவப்பு, பாதி உரம் மட்டும். நான்கு நீலம், பாதி உரமும் எங்கள் கேனில் இருப்பதும். நீலம் வெள்ளைக்குச் சமமாக வந்து, சிவப்பு பின்தங்க வேண்டும். அப்போதுதான் பாதி உரத்தின் குறையை நிரப்பியது எங்கள் பசங்கதான் என்று ஆகும். சோதனை மொத்தமும் சிவப்பின் தோல்வியில்தான் நிற்கிறது. இவ்வளவையும் மேலாளரிடம் ஒப்பித்தேன். வயலில் சொன்னது இவ்வளவுதான்: "நீலக் குச்சிக்கு நான் ஊத்துவேன். மத்ததுக்கு வெறும் தண்ணி விட்டாப் போதும்."

விதைத்த அன்று, மூன்றாவது வாரம், ஆறாவது வாரம் என்று மூன்று தடவை ஊற்ற வேண்டும். நான்கு பாத்திக்குக் கால் கேன் போதும். கேன் ஐந்து லிட்டருக்குக் குறைந்து வருவதில்லை. மிச்சத்தைத் திருப்பி எடுத்து வர வேண்டும் என்பது விதி, சோதனைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் மிச்சக் கேனைச் சாய்ப்புக்குள் நிழலில் வைத்துவிட்டு வந்தேன். அவள் தினமும் மண்வெட்டி எடுக்கும் இடத்தில் என் சாமான் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. வேறு காரணம் கிடையாது.

வாரா வாரம் போனேன். அளவுகோலால் இலை உயரம் அளந்தேன். பல பச்சைகள் வரிசையாக அச்சடித்த அட்டையை இலை மேல் வைத்து எத்தனையாவது பச்சை என்று குறித்தேன். அவள் இரண்டு பாத்தி தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருப்பாள். ஒன்பதரைக்குக் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் எனக்கு ஒரு டம்ளர் டீ வைப்பாள்.

"எப்படிப் போகுது?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"சராசரி ஏழு இலை," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவள் பாத்தியைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தாலும் வாய் திறக்கவில்லை. எதையாவது பேசி, இந்தச் சனிக்கிழமைகளும் போய்விட்டால் என்ன செய்வது? அவள் குனிந்து நிமிர்வதை எட்ட நின்று பார்ப்பதற்கு எனக்கு ஒரு அளவுகோலும் புத்தகமும் கிடைத்திருந்தன. அது போதும் என்று இருந்தேன். போதவும் இல்லை. திரும்பும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பிப்பேன்.

நாலாவது வாரம் சிவப்பில் அடியிலைகள் வெளுத்து மஞ்சளாகின. சரியாகப் போகிறது என்று புத்தகத்தில் எழுதினேன். ஐந்தாவது வாரம் போனபோது மஞ்சளாவது நின்றுபோயிருந்தது. புது இலைகள் பச்சையாக வந்திருந்தன. ஏழாவது வாரம் சிவப்பையும் நீலத்தையும் குச்சியைப் பார்க்காமல் பிரிக்க முடியவில்லை.

எனக்குத் தூக்கம் போனது. அங்கே முன்பு எரு கொட்டி வைத்திருந்தார்களோ என்று மண்ணை டப்பாவில் எடுத்துப் போய்ச் சோதித்தேன். அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு வழிகிறதோ என்று நடுவில் சிறு வரப்பு போட்டேன். என் பூட்ஸில் ஒட்டிய மண்தான் பசங்களைச் சுமந்து போகிறதோ என்று, நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும்போதெல்லாம் பூட்ஸைப் ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்தேன். மாமனார் சாய்ப்பு நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"தம்பி, பீட்ரூட் தீட்டுப் பார்க்காதுங்க," என்றார்.

அவள் களைக்கொத்தைப் பிடித்தபடி நின்று என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் குனிந்து அடுத்த பூட்ஸை முக்கினேன்.

பன்னிரண்டாவது வாரம் அறுவடை. சாய்ப்பின் குறுக்குக் கட்டையில் தராசைத் தொங்கவிட்டேன். அவள் பிடுங்கி, மண் தட்டி, இலையை அறுத்துக் கூடையில் போட்டாள். நான் தூக்கி மாட்டினேன். மாமனார் முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். வெள்ளை, ஒரு பாத்திக்குச் சராசரி முப்பத்தொரு கிலோ. நீலம் முப்பதரை. சிவப்பு முப்பது.

"மூணும் ஒண்ணுதான்!" என்றார் மாமனார். அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். "வெள்ளைக்கு முழு உரம். சிவப்புக்குப் பாதி உரம். உங்க கழுநீர் சிவப்புக்குக் கிடையாது, அப்படித்தானே?"

"ஆமா, மாமா."

"அப்ப பாதி உரமே போதும்! கழுநீரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இத்தனை வருஷமா வெட்டியா மூட்டை மூட்டையாக் கொட்டியிருக்கேன் பாருங்க. அடுத்த பருவம் மேல வயல், கீழ வயல் எல்லாத்துக்கும் பாதிதான்." என் தோளைத் தட்டினார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். "நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. கம்பெனி செலவுல வந்து, கம்பெனி சரக்கு வேண்டாம்னு நிரூபிச்சுட்டீங்க."

பகல் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு தராசின் கொக்கியைப் பிடித்தபடி நின்றேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. இலை அறுக்கும் கத்தியின் சத்தம் நின்றது.

"அப்பா, அப்படிப் பண்ணிடாதீங்க," என்றாள் அவள். "பாதி உரத்தை மட்டும் போட்டா வயல் பூரா மஞ்சளாப் போயிடும்."

"ஏன்? சிவப்பு போகலையே?"

"சிவப்புக்கும் ஊத்தியிருக்கு."

"யாரு ஊத்தினது?"

"நான்தான். ரெண்டு தடவை. நாலாவது வாரம் ஒரு தடவை, ஏழாவது வாரம் ஒரு தடவை. கேன்ல மிச்சம் இருந்துச்சு."

மாமனார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வாரமா மாப்பிள்ளை பூட்ஸ் கழுவினாரு!" என்றார். அவரை அறியாமல் வந்த மாப்பிள்ளை. இன்னொரு நாளாக இருந்தால் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நான் போய் மாத்திரை போட்டுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். வழியிலும் சிரிப்பது கேட்டது.

நாங்கள் இரண்டு பேரும் மூன்று குவியல் பீட்ரூட்டும் மிச்சமிருந்தோம்.

"ஏன் ஊத்தின?" என்றேன்.

"மஞ்சளாப் போச்சு. மத்தது எல்லாம் பச்சையா நிக்குது, நாலு மட்டும் துவண்டு நிக்குது. சாய்ப்புல கேன் நிறைய இருக்கு. தினம் காலைல அதைத் தாண்டித்தான் போறேன். பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியல."

"அது துவளணும். அதுக்குத்தான் அந்தப் பாத்தியே."

"அதை என்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அவள் அதே இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தபடி கத்தியை மண்ணில் குத்தி எடுத்தாள். விரல் நகம் வரை சிவப்பேறியிருந்தது.

"ஊத்தின அடுத்த வாரமாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ கேப்பேன்னு பார்த்தேன்," என்றாள். "அஞ்சாவது வாரம் வந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த. இப்பக் கேப்பான்னு நினைச்சேன். அப்புறம் மண்ணை டப்பால எடுத்துட்டுப் போன. சரி, அடுத்த வாரம் கேப்பான். அப்புறம் வரப்பு போட்ட. அப்புறம் பூட்ஸ். தண்ணியைச் சந்தேகப்பட்ட, எருவைச் சந்தேகப்பட்ட, உன் காலைக்கூடச் சந்தேகப்பட்ட. இங்க தினம் நிக்கிறவ நான். நீ ஏதாவது பண்ணினியான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"உன்னைப் போய்ச் சந்தேகப்படுறதான்னு..."

"பட்டிருக்கலாம். இங்க ஒரு ஆள் இருக்குறது ஞாபகம் இருக்குன்னாவது தெரிஞ்சிருக்கும்."

பன்னிரண்டு வாரமும் அந்த ஆளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். அது அவளுக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது. வேறு ஒன்றைச் சொன்னேன்.

"இது சரியா வந்திருந்தா எனக்குப் பகல் வேலை கிடைச்சிருக்கும்."

கத்தி நின்றது. "எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"விதைக்கிறதுக்கு முன்னாடியே."

"அதையும் சொல்லல."

"கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். சொல்லிட்டு உன்னைக் கூப்பிடலாம்னு."

அவள் ஒரு பீட்ரூட்டை எடுத்து, ஏற்கெனவே அறுத்த காம்பை இன்னும் கொஞ்சம் சீவினாள்.

"பகல் வேலை கிடைச்சா நான் வந்துடுவேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"வரமாட்டேன்னு யார் சொன்னது?"

அதற்கும் அதே பதில்தான். அவள் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, பெட்டி மேல் இருந்த புத்தகத்தைப் புரட்டினாள். சிவப்பின் கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல," என்றாள். "ஊத்தாம இருந்திருந்தா சிவப்பு எவ்வளவு வந்திருக்கும்?"

"இருபத்திரண்டு. மிஞ்சிப் போனா இருபத்து மூணு."

"அதை எழுது. உங்க மருந்து வேலை செய்யுது, அந்த நாலு பாத்தியும் திரும்பி நிமிர்ந்ததை நான் கண்ணால பார்த்தேன். பெரிய பொய் ஒண்ணும் இல்ல. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் யோக்கியன் கிடையாது. தூங்கிப்போன மணி நேரங்களுக்கும் வெப்ப அளவு எழுதியவன். பேனாவைத் திறந்து கட்டத்தில் வைத்தேன். இருபத்திரண்டு என்று எழுதினால் மேலாளருக்கு லேபிள், எனக்குப் பகல். அதோடு, அந்த நான்கு பாத்திகளுக்கு அவள் எதையும் ஊற்றவில்லை என்றும் ஆகிவிடும். அந்த வயலில் நான் கொண்டுபோய் வைத்த ஒரு பொருளை அவள் கையால் எடுத்தாள், திறந்தாள், அது எதற்கோ உதவியது. பதினெட்டு மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது அது ஒன்றுதான். அதை என் கையாலேயே இல்லையென்று எழுத வேண்டும். கை போகவில்லை. பகல் வேலையைவிட அது பெரிதா என்று கேட்டால், அந்த நேரத்தில் பெரிதாகத்தான் தெரிந்தது. பிறகு எத்தனையோ காலைகளில் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முப்பது என்று எழுதினேன். கீழே குறிப்பில், நாலாவது, ஏழாவது வாரங்களில் மிச்சக் கேனிலிருந்து சிவப்புப் பாத்திகளுக்கும் ஊற்றப்பட்டது என்று எழுதினேன். அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"பைத்தியமா உனக்கு?"

"செய்தவர்னு ஒரு கட்டம் இருக்கு," என்றேன். "என்ன போடட்டும்? நிலத்துக்காரர் மகள்னா? இல்ல..."

"என் பேர் உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அதைப் போடு."

போட்டேன். அந்தப் பெயரைக் கையால் எழுதி எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. மெதுவாக எழுதினேன். ஐந்து எழுத்துதான், அதற்கு மேல் நீட்ட முடியாது.

திங்கட்கிழமை காலை மேலாளர் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். குறிப்பு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் இது?"

"என் மனைவி, மேடம்."

"மிச்சக் கேனைத் திருப்பி எடுத்துட்டு வரணும்னு முதல் பக்கத்துலயே இருக்கே. ஏன் விட்டுட்டு வந்த?"

"அங்க என் சாமான் ஏதாவது இருக்கட்டும்னு விட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "முட்டாள்," என்றார். பழைய நாட்களில், நான் கண்ணாடிக் குடுவையை உடைக்கும்போதெல்லாம் திட்டுகிற அதே குரல். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சோதனை செல்லாது. அடுத்த பருவம் வேறு இடத்தில், வெளியாள் வைத்துச் செய்வார்கள். வயல் அலுவலர் வேலைக்கும் வெளியாள்தான்.

"நீ எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்."

"அன்னைக்கும் மூணாவது தடவை மட்டும் செஞ்சிருந்தா நீ இந்நேரம்..."

"தெரியும், அக்கா."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் திருத்தவில்லை. கோப்பை மூடி ஓரமாக வைத்தார்.

சோதனை செல்லாமல் போனாலும் மாமனாருக்கு அது பற்றிக் கவலை இல்லை. நீலமும் சிவப்பும் பாதி உரத்தில் வெள்ளைக்குச் சமமாக வந்ததை அவர் தராசில் பார்த்துவிட்டார். அடுத்த விதைப்புக்கு மேல் வயல், கீழ் வயல் எல்லாவற்றுக்கும் கேன் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். வியாழக்கிழமை வண்டி போய் இறக்கிவிட்டு வந்தது. வண்டிக்காரர் திரும்பி வந்து, "அந்தப் பெரியவர் பக்கத்து வயல்காரங்களுக்கு வகுப்பே எடுக்கிறாரு," என்றார். எங்கள் மருந்து நன்றாக வேலை செய்தது. அதனால் அங்கே இனி ஒருவரும் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்குப் போகிறேன். ஏழு மணிப் பேருந்து எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தாலும் அது கியர் மாற்றும் சத்தம் கேட்கும். ஐந்து சனிக்கிழமை அப்படிக் கேட்டேன். ஆறாவது சனிக்கிழமை பத்து மணிவரை தூக்கம் வராமல் கிடந்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"என்ன, தூங்கலியா?" என்றாள்.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்க?"

அளவு எதுவும் கேட்காமல் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

"பெட்டி மேல உக்காந்திருக்கேன். பூட்ஸைக் கழட்டிட்டேன், உள்ள தண்ணி போயிடுச்சு. சாக்ஸ்ல கட்டைவிரல் வெளிய வந்து என்னைப் பார்க்குது." பிறகு அவளே தொடர்ந்தாள். கீழ் வயல் முளைத்துவிட்டதாம். அப்பா விடிந்ததும் போய்ப் பாத்தி பாத்தியாக எண்ணுகிறாராம், எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாராம். முடியை இன்னும் வெட்டலாமா என்று யோசிக்கிறாளாம். நான் குறித்துக்கொள்ள எதுவும் கையில் எடுக்கவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முதல் இலைல ஊசியால குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு," என்றாள். "என்ன பண்ணலாம்?"

"நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்." எந்த விவசாயி கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

"அதுக்குப் பூச்சி மருந்துக் கடைக்காரர் இருக்காரு. கூப்பிட்டா வாசல்லயே வந்து நிப்பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை. தூரத்தில் பம்பு ஓடுவது கேட்டது.

"வேற?" என்றாள்.

"வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப வைக்கட்டுமா?"

"கொஞ்சம் கழிச்சு வை."

"சரி," என்றாள்.